பாஸ்வேர்ட் இல்லாத கதவு

எங்கட சொந்தத்துக்குள்ள ஆரும் வீடு மாறினால் முதல் பால் காய்ச்சுவினம், அடுத்ததா எனக்குப் போன் அடிப்பினம். "பவி, ஒருக்கால் வந்து வைஃபையைப் போட்டு விடுமன்." நான் சூரிச்சில ஒரு கந்தோரில கொம்பியூட்டர் பாக்கிற வேலை. சனத்துக்கு அது காணும். ஏசிக்கொண்டுதான் போவன், ஆனால் போவன். போனால் தேத்தண்ணியும் வடையும் நிச்சயம்.

எனக்கெண்டு ஒரு முறை இருக்கு. ரவுட்டருக்குக் கீழ ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டை முதல் வேலையா மாத்துவன். பிறகு வைஃபைக்குப் பேர் வைப்பன். கம்பெனிக்காரன் வச்சு அனுப்பிற பேர் எண்ணும் எழுத்துமா ஆருக்கும் வாயில வராது. அதால அந்த வீட்டுப் பிள்ளையின்ர பேரை வச்சு விடுவன். தாய் தேப்பனுக்கும் சந்தோசம், மறக்கவும் மாட்டினம். டீட்டிகோனில இருந்து லோசான் வரைக்கும் நான் போட்ட வைஃபை எல்லாம் பிள்ளையளின்ர பேரிலதான் ஓடினது.

என்ர அண்ணையின்ர மகளின்ர பேரை மட்டும் நான் இதில எழுத மாட்டன். வாசிக்கிறவை கோவிக்கக் கூடாது. வீட்டில எல்லாரும் அவளைக் குஞ்சு எண்டுதான் கூப்பிடிறது, நானும் அப்பிடியே சொல்லுறன். ஒருக்கால் எழுதினதே போதும்.

அண்ணை சயன் ஐப்பசியில செத்துப்போனார். அட்லிஸ்வில்லில ஒரு முதியோர் இல்லத்தில சமையல் வேலை. நாப்பது வயசுதான். ஒரு விடியப்புறம் வேலைக்கு எழும்பேல்லை, அவ்வளவுதான். எனக்கு இருந்தது ஒரே அண்ணை. இப்பவும் போன் அடிச்சால் அவராக்கும் எண்டு நெஞ்சு ஒருக்கால் துள்ளும்.

செத்தவீடெல்லாம் முடிஞ்சு, முப்பத்தோராம் நாளுக்குக் கிட்டவா இருக்கேக்கை மச்சாள் போன் எடுத்தா. மச்சாள் எண்டுறது அண்ணையின்ர மனிசி, சரணியா.

"பவி, நெற் சரியான ஸ்லோ, இழுத்து இழுத்து வருது. டேப்லெட்டும் தன்ரபாட்டில அடிக்குது. ஒருக்கால் வாருமன்."

மச்சாள் வழமையா ஊருக்கே கேக்கக் கதைக்கிற ஆள். அண்டைக்கு ரகசியம் மாதிரிக் கதைச்சா. பக்கத்தில ஆரோ நித்திரையாக்கும் எண்டு நினைச்சன்.

சனிக்கிழமை பின்னேரம் போனன். அட்லிஸ்வில் ஸ்டேசனில இறங்கினால் முன்னால நிக்கிற ஆளைத் தெரியாத பனிப்புகார். சீல் ஆறு எங்கயோ கீழ ஓடுற சத்தம் மட்டும் கேட்டுது. மூண்டு மணிக்கே தெருவிளக்கெல்லாம் எரிஞ்சுது. அண்ணை இருந்த கட்டடம் பழசு, லிப்ட் இல்லை. படி முழுக்க ஈரச் சப்பாத்து மணமும் ஆரோ காய்ச்சிற சீஸ் மணமும். மூண்டாம் மாடிக்குக் கிட்ட வர அந்த மணம் மாறிச்சு.

நண்டுக் கறி.

அண்ணைக்கு நண்டெண்டால் உயிர். கதவடியில அவரின்ர வேலைச் சப்பாத்து அப்பிடியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

"மச்சாள், நண்டோ சமைச்சனீங்கள்?"

அவ கதவைப் பிடிச்சபடி என்னைப் பாத்தா. முகம் பாதியாப் போயிருந்தது.

"உமக்கும் மணக்குதோ?" எண்டா. "எட்டுச்செலவுக்குப் பிறகு நான் மீன், நண்டு எண்டு ஒரு மச்சமும் சமைக்கேல்லை பவி."

எட்டுச்செலவு தெரியாதவைக்குச் சொல்லுறன். செத்து எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் சமைச்சு வாழையிலையில படைப்பினம். பிறகு கதவைச் சாத்திப்போட்டு, எல்லாரும் வெளியில நிண்டு அவரைப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவினம். கொஞ்ச நேரத்தால கதவில தட்டிப்போட்டுத் திறக்கிறது. உள்ளுக்கை ஆரும் நிக்கவும் கூடாது, எட்டிப் பாக்கவும் கூடாது. அண்டைக்கு நான் கீழ வாசலில நிண்டு அழுதுகொண்டிருந்தன். மேல என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது.

மணத்தை விட்டிட்டு வேலையைப் பாப்பம் எண்டு ரவுட்டருக்குப் பக்கத்தில குந்தினன். அது படைச்ச அதே அறை. மூலையில அண்ணையின்ர படம், மாலை, எரியிற விளக்கு. படத்துக்குப் பக்கத்தில டேப்லெட் சாத்தி வச்சிருந்தது. அண்ணை தானே போட்ட ரவுட்டர், பேர்கூடக் கம்பெனிக்காரன் வச்ச அதே எண்ணும் எழுத்தும்தான். நான் என்ர போனில ரவுட்டருக்குள்ள போய்ப் பாத்தன். பாத்த உடன எனக்கு விசர் வந்திட்டுது.

"மச்சாள்! விருந்தாளி வைஃபையை ஆர் திறந்தது? பாஸ்வேர்டே இல்லாமல் கிடக்கு!"

"செத்தவீட்டுக்கு வந்த சனம் பாஸ்வேர்ட் பாஸ்வேர்ட் எண்டு ஒரே அரியண்டம். நிருசன்தான் எல்லாருக்கும் பொதுவா திறந்து விட்டவன்."

நிருசன் எங்கட ஒண்டுவிட்ட தம்பி. எல்லாத்திலயும் அரைகுறை.

"அறுந்து போவான்! இத்தனை நாளும் வாசல் கதவை ஆவெண்டு திறந்து விட்டமாதிரியெல்லோ கிடக்கு! பேர் கேக்காமல், ஆரெண்டு பாக்காமல், ரோட்டில போற வாற எல்லாம் உள்ள வரலாம்!"

மச்சாள் படத்தடியைப் பாத்துக்கொண்டு நிண்டா.

"வந்திட்டுது எண்டு நினைக்கிறன்," எண்டா.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீங்கள்?"

அவ கதிரையில இருந்து மெல்லச் சொல்லத் தொடங்கினா. அவவின்ர தாய் யாழ்ப்பாணத்தில. விசா கிடைக்கேல்லை, செத்தவீட்டுக்கு வர ஏலேல்லை. அவவுக்குக் காட்டவெண்டு எட்டுச்செலவு அண்டைக்கு வீடியோவில கதைச்சுக்கொண்டே படைச்சவை. பிறகு டேப்லெட்டைப் படத்தடியில அப்பிடியே விட்டிட்டுக் கதவைச் சாத்திப்போட்டினம். வீடியோ நிக்கேல்லை. ஆரும் பாக்கக் கூடாத நேரத்தில, அங்கால அந்த மனிசி பாத்துக்கொண்டிருந்திருக்குது.

"என்ன கண்டவவாம்?"

"சொல்லிறா இல்லை. போனைப் பட்டெண்டு வச்சவ. அண்டையில இருந்து நான் எடுத்தாலும் அவ கதைக்கிறேல்லை. வீடியோ எண்டால் அலறுறாவாம்."

சொல்லி வாய் மூடேல்லை, டேப்லெட் அடிச்சுது.

நான் அப்பதான் முழு வைஃபையையும் நிப்பாட்டி வச்சிருந்தன். என்ர போனில கூட ஒரு கோடும் இல்லை. அது அடிக்க ஏலாது.

அடிச்சுது.

மற்ற அறைக்குள்ள இருந்து குஞ்சு ஓடி வந்தாள். ஆறு வயசு, பல்லு விழுந்த வாய், கையில கலர்ப் பென்சில். "மாமி!" எண்டு என்னைக் கட்டிப் பிடிச்சிட்டு, ஒவ்வொரு நாளும் செய்யிற வேலை மாதிரி டேப்லெட்டைத் தூக்கி அமத்தினாள்.

"குஞ்சு, வேண்டாம்!" எண்டு மச்சாள் கத்தினா.

திரை கறுப்பு. பிறகு மெல்ல மெல்ல ஒரு அறை தெரிஞ்சுது. நாங்கள் நிக்கிற அதே அறை. கதவு சாத்தியிருந்தது. நிலத்தில வாழையிலை. அதில சோறு, நண்டு, கத்தரிக்காய்க் குழம்பு, பக்கத்தில ஒரு கிளாஸ் விஸ்கி. எட்டாம் நாள் படைச்சது அப்பிடியே.

இலைக்கு முன்னால ஆரும் இல்லை.

ஆனால் சப்பிற சத்தம் கேட்டுது.

வாயை மூடாமல், அவதி அவதியா, நண்டுக் கோதை நொறுக்கி உறிஞ்சிற சத்தம். அண்ணை ஒரு சமையல்காரன், அவ்வளவு பக்குவமாச் சாப்பிடுவார். நண்டைத் தின்னுறதுக்கே அரை மணித்தியாலம் எடுப்பார். இது பட்டினி கிடந்து கிடந்து வந்த ஒண்டு.

திரைக்குள்ள, சாத்தின கதவுக்கு வெளியில இருந்து மச்சாளின்ர அழுகைக் குரல் வந்துது. அண்டைக்கு அவ கூப்பிட்ட குரல்.

"இஞ்சாருங்கோ... வாங்கோ. வந்து சாப்பிடுங்கோ. இஞ்சாருங்கோ..."

நான் மச்சாளைத் திரும்பிப் பாத்தன்.

"மச்சாள். அண்ணையைப் பேர் சொல்லிக் கூப்பிடேல்லையோ?"

"நான் ஒருநாளும் அவரின்ர பேரைச் சொன்னதில்லையே பவி," எண்டு அழுதா. "கலியாணம் கட்டின நாளில இருந்து இஞ்சாருங்கோ எண்டுதானே கூப்பிடிறனான். அண்டைக்கும் வாயில வரேல்லை."

இஞ்சாருங்கோ. ஆரும் திரும்பிப் பாக்கிற சொல்லு. வைஃபைக் கதவும் திறந்து, சாப்பாடும் வச்சு, பேர் இல்லாமல் கூப்பிட்டிருக்கிறா. என்ர கடவுளே, நான் அப்பதான் நிருசனைப் பேசினது என்ன சொல்லி?

சப்பிற சத்தம் நிண்டுது.

"பேர் என்ன?"

அது ஆம்பிளைக் குரலோ பொம்பிளைக் குரலோ எண்டு இப்பவும் எனக்குச் சொல்லத் தெரியேல்லை. கன காலம் கதைக்காமல் இருந்து கதைக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் தேடி எடுத்துக் கதைச்சுது.

"பிள்ளை. பேர் என்ன?"

குஞ்சு தலையை ஆட்டினாள். "சொல்ல மாட்டன்," எண்டாள். பிறகு என்னைப் பாத்துப் பெருமையாச் சொன்னாள்: "கிண்டர்கார்ட்டனில ரீச்சர் சொன்னவ மாமி, தெரியாத ஆக்களுக்கு இன்டர்நெட்டில பேர் சொல்லக் கூடாதாம். இவர் ஒவ்வொரு நாளும் கேக்கிறார். நான் சொல்லவே இல்லை."

"ஏன் கேக்கிறாராம் செல்லம்?" எண்டு கேட்டன்.

"பேர் தெரிஞ்சால்தான் கூப்பிடலாமாம். கூப்பிட்டால் நான் போகலாமாம். அப்பாட்ட."

மச்சாள் பாஞ்சு பிள்ளையை இழுத்து மடியில போட்டு அமத்திப் பிடிச்சா. நான் டேப்லெட்டைப் பறிச்சுக் கவிட்டு வச்சிட்டு மேல தலைகாணியைப் போட்டன். தலைகாணிக்குக் கீழயும் அது கேட்டுக்கொண்டே இருந்தது. பேர் என்ன. பேர் என்ன.

அந்தப் பேரை வச்சதே என்ர அண்ணைதான். பிள்ளை பிறந்த அண்டைக்கு ஆஸ்பத்திரியில நிண்டு, இந்தப் பேர்தான் எண்டு சண்டை பிடிச்சு வச்சவர். அதைக் கேட்டு நிக்கிறது அண்ணையாக இருக்கவே ஏலாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்டா வந்துது.

"மச்சாள், இஞ்ச அவளின்ர பேரை வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ," எண்டு காதுக்குள்ள சொன்னன். "கண்டறியாத உந்த வைஃபையை நான் இண்டைக்கு அடியோட அடைக்கிறன்."

ரவுட்டரைக் கையில எடுத்தன். சுட்டுது. பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுக்குள்ள கூரான ஒண்டால அமத்திப் பிடிச்சால் எல்லாம் அழிஞ்சு புதுசாகும். ஊசி தேட நேரம் எங்க? காதில கிடந்த தோட்டைக் கழட்டி அதின்ர தண்டைக் குத்திப் பிடிச்சன். லைட் எல்லாம் சிவப்பாகி நூந்து போச்சு.

தலைகாணிக்குக் கீழ சத்தம் நிண்டுது.

திரும்ப எரியத் தொடங்க, போனை எடுத்து விறுவிறெண்டு செய்தன். விருந்தாளி வைஃபை, மூடு. பட்டனை அமத்தினால் ஆரையும் சேக்கிற வசதி, மூடு. வெளியில இருந்து ரவுட்டருக்குள்ள வாற வழி, மூடு. ரவுட்டரின்ர பாஸ்வேர்ட் புதுசு. வைஃபையின்ர பாஸ்வேர்ட் புதுசு, எனக்கே பாடமாக்க ஏலாத நீளம். பூட்டு இருக்கிறதிலயே பலமானது. கேட்ட கேட்ட பெட்டியெல்லாம் நிரப்பி நிரப்பி அடுத்தது, அடுத்தது எண்டு அமத்தினன். இத்தனை வருசம் எத்தனை வீட்டில செய்த வேலை. விரல் தன்ரபாட்டில போச்சு.

சேமி.

ரவுட்டரின்ர லைட் வெள்ளையா, ஆடாமல் நிண்டுது.

குசினியில தண்ணிக் குழாய் சொட்டிற சத்தம் கேட்டுது. பிறகு மச்சாள் மூக்கை உறிஞ்சிப் பாத்தா.

"பவி. நண்டு மணம் இல்லை."

உண்மைதான். சாம்பிராணி மணமும் விளக்கெண்ணெய் மணமும் மட்டும். எனக்கு அழுகை வந்திட்டுது. மச்சாளும் அழுது, அழுதுகொண்டே சிரிச்சா. யன்னலைத் திறந்து விட்டம். கீழ ஆரோ நாயைக் கூட்டிக்கொண்டு போச்சினம். மச்சாள் தேத்தண்ணி போட்டுக் கொண்டந்து தந்தா. இஞ்சி கூடிப் போச்சு, எண்டாலும் அண்டைக்குக் குடிச்ச மாதிரி ஒரு தேத்தண்ணி நான் குடிச்சதில்லை.

"இனி ஒண்டும் வர ஏலாது," எண்டன். "பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும்."

மச்சாள் தன்ர போனை எடுத்தா. "சரி, எனக்குப் போட்டுத் தாரும். அம்மாவுக்கு ஒருக்கால் அடிச்சுச் சொல்லோணும்." திரையைத் தள்ளித் தள்ளித் தேடினா. "பக்கத்து வீட்டுக்காரற்ற எல்லாம் வருது. எங்கட எது? என்ன பேர் வச்சனீர் பவி?"

நான் வாயைத் திறந்தன்.

சொல்ல முதல் கையால பொத்தினன்.

என்ன பேர் வைப்பன்? எல்லா வீட்டிலயும் என்ன பேர் வைப்பன்?

மச்சாளின்ர போனில அது இருந்தது. எல்லாத்துக்கும் மேல. அண்ணை ஆஸ்பத்திரியில சண்டை பிடிச்சு வச்ச பேர், ஒரு எழுத்தும் பிசகாமல். சுவருக்குள்ளால, யன்னலுக்குள்ளால, புகாருக்குள்ளால, ரவுட்டர் அந்தப் பேரை இடைவிடாமல் சொல்லிக்கொண்டு நிண்டுது. பாஸ்வேர்டைத்தான் ஒளிக்கலாம். பேர் எல்லாருக்கும் தெரியும்.

தலைகாணிக்குக் கீழ வெளிச்சம் வந்துது.

நான் அந்த டேப்லெட்டுக்குப் புதுப் பாஸ்வேர்ட் குடுக்கவே இல்லை.

இந்த முறை அது கேக்கேல்லை. கூப்பிட்டுது. பேர் சொல்லி, ஆசையா, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. அது என்ர அண்ணையின்ர குரல்.

"அப்பா!" எண்டு குஞ்சு துள்ளி எழும்பினாள்.

தேத்தண்ணி நிலத்தில கொட்டுப்பட்டுது. நான் அவளைத் தூக்கித் தோளில போட்டு ரெண்டு காதையும் பொத்தினன். மச்சாள் ரவுட்டர் வயரைச் சுவரோட பிடுங்கினா. லைட் நூந்துது. குரல் நிக்கேல்லை. படிவழிய இறங்க இறங்க அது மேல இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, கோவமே இல்லாமல். சப்பாத்துக்கூடப் போடாமல் ஸ்டேசன் வரைக்கும் ஓடினம். குஞ்சு என்ர முதுகுக்குப் பின்னால கையை நீட்டி நீட்டி அழுதாள். "அப்பா கூப்பிடுறார் மாமி, விடுங்கோ. அப்பா கூப்பிடுறார்."

அண்டையில இருந்து அவை டீட்டிகோனில என்ர வீட்டில, என்னோட. அடுத்த நாள் பகல் வெளிச்சத்தில நிருசனை இழுத்துக்கொண்டு போய், ரவுட்டரையும் டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு வந்து பழைய மின்சாமான் எடுக்கிற இடத்தில குடுத்தன். என்ர வீட்டிலயும் வைஃபையை நிப்பாட்டினன். எல்லாம் வயர்தான். போட்ட எல்லா வீட்டுக்கும் போன் பண்ணிப் பேரை மாத்தச் சொன்னன். "பவிக்கு அண்ணை செத்ததில மூளை கலங்கிப் போச்சு" எண்டு கதைக்கினமாம். கதைக்கட்டும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. ஐயருக்கு எல்லாத்தையும் சொன்னம். அவர் "பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ அம்மா" எண்டு மட்டும் சொன்னார். மச்சாள் கையில தர்ப்பையோட எழும்பி நிண்டா. சபை முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தது.

"சயன்," எண்டா. பிறகு நெஞ்சு வெடிச்ச மாதிரி, "சயன்! சயன், வாங்கோ!"

எங்கட சனத்தில அப்பிடி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. எனக்குள்ள இருந்த பயமெல்லாம் அந்த அழுகையோட போச்சு. அண்ணை வந்தார், சாப்பிட்டார், போனார் எண்டு எனக்கு உண்மையாவே பட்டுது. அண்டைக்குக் குஞ்சு வடிவாச் சாப்பிட்டாள். நாங்கள் மூண்டு பேரும் ஒரே கட்டிலில படுத்து நித்திரை கொண்டம்.

போன வியாழக்கிழமை பின்னேரம். வெளியில திரும்பப் புகார். நானும் மச்சாளும் குசினியில லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தம். குஞ்சு அறைக்குள்ள படம் கீறிக்கொண்டிருந்தாள். மேசையில கிடந்த என்ர போன் ஒருக்கால் அதிர்ந்துது. ஈரக்கையோட எட்டிப் பாத்தன்.

வைஃபை இணைக்கப்பட்டது எண்டு இருந்தது.

கீழ அதே பேர், அண்ணை ஆஸ்பத்திரியில சண்டை பிடிச்சு வச்சது.

கோடெல்லாம் முழுசு. பக்கத்தில பூட்டு இல்லை.

இந்த வீட்டில வைஃபையே இல்லை.

"மச்சாள்," எண்டன். அவ என்னைப் பாக்கேல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறைப்பக்கம் பாத்துக்கொண்டு நிண்டா. நண்டுக் கறி மணம் எனக்கும் அப்பதான் வந்துது.

அறைக்கதவு சாத்தியிருந்தது. நான் சாத்தேல்லை. மச்சாள் என்னோடதான் நிண்டவ.

உள்ளுக்கை இருந்து குஞ்சின்ர குரல் சந்தோசமாக் கேட்டுது.

"ஓம் அப்பா. வாறன்."

கத்தியைப் போட்டிட்டு ஓடிக் கதவைத் திறந்தன். தட்டிப்போட்டுத் திறக்க எனக்கு நினைவு வரேல்லை.

குஞ்சு நிலத்தில இருந்தாள். முதுகு எங்களுக்கு. கலர்ப் பென்சிலெல்லாம் சுத்திவரக் கிடந்தது. அவளுக்கு முன்னால சாப்பாடு எண்டு ஒண்டும் இல்லை, ஆனால் அவள் சப்பிக்கொண்டிருந்தாள். வாயை மூடாமல், அவதி அவதியா.

மச்சாள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. முழுப் பேரும் சொல்லிக் கூப்பிட்டா.

அவள் திரும்பேல்லை. மச்சாள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டா, அழுதழுது கூப்பிட்டா, அது வேற ஆரின்ரயோ பேர் மாதிரி அவள் பேசாமல் இருந்து சப்பினாள். கன நேரத்துக்குப் பிறகுதான் சப்பிறதை நிப்பாட்டி, மெல்லத் தலையைத் திருப்பி, ஒருநாளும் காணாத ஆளைப் பாக்கிற மாதிரி என்னைப் பாத்தாள்.

"பேர் என்ன?"